கணக்கில் வராத மோதல்கள்

1995 ஜனவரி 15, பிட்ஸ்பர்க் நகரின் த்ரீ ரிவர்ஸ் மைதானம். வென்றால் இறுதிப்போட்டியான சூப்பர் பௌல், தோற்றால் வீடு என்ற ஆட்டம். சான் டியேகோ சார்ஜர்ஸ் அணியின் லைன்பேக்கர் ஜூனியர் செயாவுக்குக் கழுத்து நரம்பு நசுங்கியிருந்தது. அந்த வலியோடுதான் இறங்கினார். ஆட்டம் முடிவதற்குள் எதிரணியினரை 16 முறை தரையில் சாய்த்திருந்தார். கடைசிக் கட்டத்தில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி கோல் கோட்டுக்கு மூன்று கெஜம் வரை வந்துவிட்டது. ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சம். அவர்கள் எறிந்த பந்தைச் சார்ஜர்ஸின் இன்னொரு லைன்பேக்கர் டென்னிஸ் கிப்சன் கையால் தட்டிவிட்டார். 17–13. சார்ஜர்ஸ் முதல்முறையாக சூப்பர் பௌலுக்குப் போனது.

அந்த நாளை நினைவுகூரும் ரசிகர்கள் செயாவின் கழுத்தைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் ஆட்டத்தை முடித்துவைத்தது யாரையும் இடிக்காத ஒரு கை. அமெரிக்கக் கால்பந்தின் தடுப்பாட்டத்தை மதிப்பிட வேண்டுமானால் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு அணியிலும் தாக்க ஒரு பதினொருவர், தடுக்க வேறொரு பதினொருவர். தடுப்பவர் கைக்குப் பந்து வருவதே அபூர்வம். லைன்பேக்கர் நிற்பது தடுப்பணியின் நடுவரிசையில். அவருக்கு முன்னால் 130 கிலோவைத் தாண்டிய மல்லர்கள் இரு தரப்பிலும் முட்டிக்கொண்டிருப்பார்கள். பந்தோடு பாய்ந்து வருபவரை மடக்குவது, தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் குவாட்டர்பேக் எறிவதற்குள் அவரைப் பிடித்துச் சாய்ப்பது, எறிந்த பந்தை வழியிலேயே கெடுப்பது என்று மூன்று வேலையும் அவர் தலையில்தான் விழும்.

1969இல் பிறந்த செயாவின் குடும்பம் அமெரிக்க சமோவாவிலிருந்து வந்தது. கலிஃபோர்னியாவின் ஓஷன்சைட் ஊரில், சகோதரர்களோடு கார் கொட்டகையில் படுத்து வளர்ந்த பையன் அவர். கால்பந்துதான் அவரைத் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனது. 1990இல் வீரர் தேர்வின் ஐந்தாவது ஆளாகச் சொந்த ஊருக்குப் பக்கத்து அணியான சார்ஜர்ஸ் அவரை எடுத்தது. 1991 முதல் 2002 வரை ஓராண்டுகூட விடாமல் 12 முறை நட்சத்திர ஆட்டமான ப்ரோ பௌலுக்குத் தேர்வானார். பிறகு மயாமி டால்ஃபின்ஸ், நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். மொத்தம் 20 பருவங்கள், 268 ஆட்டங்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் பலரைத் துப்பிவிடும் தொழிலில் இது மலைக்கவைக்கும் ஆயுள்.

உடல் பலம் மட்டும் இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்காது. செயாவிடம் இருந்தது ஒரு வாசிப்பு. எதிரணி வீரரின் கால் எந்தப் பக்கம் கனக்கிறது, குவாட்டர்பேக்கின் குரலில் எந்தச் சொல்லுக்குப் பந்து நகரும் என்பதைக் கணித்து, பந்து அசையும் அதே கணத்தில் பாய்ந்துவிடுவார். பயிற்சியாளர் ஒதுக்கிய இடத்தை உள்ளுணர்வை நம்பி விட்டுப் போவதும் உண்டு. கணிப்பு தவறினால் அவர் விட்ட இடைவெளி வழியாகவே எதிரணி ஓடும். அதற்காக அவரைக் குறை சொன்னவர்கள் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்தத் துணிச்சலை எடுத்துவிட்டால் அவர் கட்டளைக்கு நின்ற நூறு லைன்பேக்கர்களில் ஒருவராகியிருப்பார். தடுப்பாட்டத்தைக் கலை என்று சொல்ல உரிமை தருவது இந்தப் பகுதி.

சிக்கல் அடுத்த நொடியில் இருக்கிறது. வாசித்து முடித்தவர் போய் மோத வேண்டும். குவாட்டர்பேக்கைச் சாய்ப்பதற்கு ‘சாக்’ என்று பெயர். 1982 முதல் அது தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லின் அதிகாரப்பூர்வக் கணக்கு. செயாவின் பெயரில் 56.5 சாக்குகள் உள்ளன. தலை எத்தனை முறை குலுங்கியது என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை. அந்த 20 பருவங்களில் லீகின் காயப்பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே மூளை அதிர்ச்சி என்று ஒருமுறைகூட எழுதப்படவில்லை. இதைவிடக் கனமான குற்றச்சாட்டை இந்த நடைமுறையின் மேல் வெளியாள் யாரும் வைக்கத் தேவையில்லை.

2012 மே 2ஆம் தேதி, 43 வயதில், செயாவ் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். குடும்பத்தார் மூளைத் திசுவை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். யாருடையது என்று தெரியாமலேயே அதை ஆராய்ந்த நிபுணர்கள், திரும்பத் திரும்ப அடிபட்ட மூளையில் வரும் சி.டி.இ. என்ற சிதைவு நோயைக் கண்டார்கள். 2013 ஜனவரியில் அது அறிவிக்கப்பட்டது. அவருடைய மரணத்துக்கு நோய்தான் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு 111 முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110இல் இந்நோய் இருந்ததாக வெளியிட்டபோதும், அவை பெரும்பாலும் அறிகுறிகளைக் கண்டு கவலைப்பட்ட குடும்பங்கள் தந்தவை என்பதை நினைவில் வைக்க வேண்டும். எல்லா வீரர்களிலும் இதே விகிதம் இருக்கும் என்று கொள்ள முடியாது. அப்படித் தள்ளுபடி செய்த பிறகும் மிஞ்சுவது சிறிய தொகை அல்ல. மயக்கம்போட்டு விழவைக்கும் பேரடி மட்டுமல்ல, பயிற்சியிலும் ஆட்டத்திலும் யாரும் கவனிக்காத சிற்றடிகளும் சேர்ந்தே மூளையை அரிக்கின்றன என்பதே ஆய்வாளர்கள் அழுத்திச் சொல்லும் செய்தி.

லீக் இதைத் தாமதமாகத்தான் கேட்டது. 1994இல் அது அமைத்த மூளைக்காயக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் மூட்டுவாத மருத்துவர், நரம்பியல் வல்லுநர் அல்ல. அதற்கும் முன்னால், 1978 ஆகஸ்டில், ஓக்லாந்து ரெய்டர்ஸின் ஜாக் டேட்டம் ஒரு பயிற்சி ஆட்டத்தில் பேட்ரியட்ஸின் டேரில் ஸ்டிங்லியை இடித்தார். ஸ்டிங்லிக்குக் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. நடுவர் தண்டனை எதுவும் தரவில்லை, ஏனென்றால் அன்றைய விதிப்படி அது சரியான ஆட்டம். 1980இல் டேட்டம் வெளியிட்ட தன்வரலாற்றின் தலைப்பில் ‘கொலையாளி’ என்ற தன் பட்டப்பெயரையே வைத்துக்கொண்டார். தடுப்பவரைக் கொண்டாட அந்தக் காலத்துக்குத் தெரிந்த மொழி அது ஒன்றுதான்.

விதியை இறுக்கினால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும் என்ற வாதம் ஒவ்வொரு முறையும் எழுகிறது. வரலாறு அதற்குத் துணை நிற்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் டீகன் ஜோன்ஸ் எதிரியின் ஹெல்மெட்டில் ஓங்கி அறைந்து வழி உண்டாக்குவதில் பேர்போனவர். 1977இல் அந்த அறை தடை செய்யப்பட்டது. நான்கே ஆண்டுகளில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு வந்த லாரன்ஸ் டெய்லர், அறையாமலேயே குவாட்டர்பேக்குகளை நடுங்கவைத்தார். கலை போகவில்லை, அடி மட்டுமே போனது.

மறுபக்கத்துக்கும் காது கொடுக்க வேண்டும். 2010 அக்டோபரில் பிட்ஸ்பர்க்கின் ஜேம்ஸ் ஹாரிசனுக்கு ஒரே மோதலுக்காக 75,000 டாலர் அபராதம் போடப்பட்டது. பந்தைப் பிடித்தவர் கடைசிக் கணத்தில் தலையைத் தாழ்த்தினால் தடுப்பவர் என்ன செய்வது என்று தடுப்பாட்டக்காரர்கள் கேட்ட கேள்விக்கு இன்றுவரை முழு விடை இல்லை. பல ஆண்டுகளாக இத்தகைய மோதல்களையே காட்டி விளம்பரம் தேடிய நிறுவனம், பொறுப்பை ஒரே வாரத்தில் தொழிலாளி தோளுக்கு மாற்றியது சரியல்ல. அபராதங்களைவிடப் பெரிய பலன் தரக்கூடியது 2011இல் வீரர் சங்கத்தோடு ஏற்பட்ட ஒப்பந்தம். அதன்படி ஒரு பருவத்தில் முழுக் கவசம் அணிந்து மோதும் பயிற்சி 14 நாட்களுக்கு மேல் கூடாது. கேமரா இல்லாத இடத்தில் விழும் அடிகளை அது குறைத்தது. அதைப் பற்றி யாரும் ஆரவாரம் செய்யவில்லை.

அடிகளைக் கணக்கில் எடுக்காத நடைமுறைக்குள் நின்றே அதை மறுத்துப் பார்த்தவர்களும் உண்டு. 1985ஆம் ஆண்டின் புகழ்பெற்ற சிகாகோ பேர்ஸ் தடுப்பணியின் டேவ் டியூயர்சன், ஓய்வுபெற்ற வீரர்களின் ஊனமுற்றோர் உதவி மனுக்களைப் பரிசீலிக்கும் வாரியத்தில் உறுப்பினராக இருந்தவர். 2011இல் அவரும் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்; தன் மூளையை ஆய்வுக்குக் கொடுக்கும்படி எழுதிவைத்திருந்தார். அதிலும் சி.டி.இ. இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2015 மார்ச்சில், சான் ஃபிரான்சிஸ்கோ 49ர்ஸின் லைன்பேக்கர் கிறிஸ் போர்லண்ட் ஒரே ஒரு பருவம் அபாரமாக ஆடிவிட்டு, 24 வயதில் விலகினார். தலைக்காயம் பற்றிப் படித்தபின் எடுத்த முடிவு அது. ஒப்பந்தப் பணத்தில் ஒரு பங்கையும் திருப்பிக் கொடுத்தார். வரலாற்றில் பட்டம் பெற்றவர் அவர். கொட்டகையில் படுத்து வளர்ந்து, ஒரு குடும்பத்தையே தோளில் சுமப்பவருக்கு அப்படி எழுந்து போவது அத்தனை எளிதாக இருந்திருக்காது. செயாவே 2006 ஆகஸ்டில் ஓய்வை அறிவித்து, சில நாட்களிலேயே பேட்ரியட்ஸில் சேர்ந்தவர். வேறு எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை என்றுதான் தோன்றுகிறது.

போர்லண்ட் விலகிய அதே 2015இல், ஆகஸ்ட் மாதம், ஒஹையோ மாநிலத்தின் கான்டன் நகரில் உள்ள கால்பந்துப் புகழ் மண்டபத்தில் செயாவ் சேர்க்கப்பட்டார். இறந்தவர்களுக்காகக் குடும்பத்தார் மேடையில் உரையாற்றும் வழக்கம் சில ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. அதனால் அவர் மகள் எழுதி வைத்திருந்த உரையை அங்கே முழுதாகப் பேச முடியவில்லை. காணொளி ஓடியது, சில நிமிட உரையாடல் நடந்தது. வெளியே செய்தித்தாளில் அந்த உரை அச்சானது. முன்னாள் வீரர்களுக்கு லீக் முன்வைத்த பெருந்தொகைச் சமரசத்தில் சேராமல், செயாவின் குடும்பம் தனியாக வழக்கை நடத்தியது. அதுவும் 2018இல் சமரசத்தில் முடிந்தது. வழக்கு விசாரணைக்கு வராததால், லீகுக்கு எது எப்போது தெரியும் என்று சாட்சிக் கூண்டில் யாரும் பதில் சொல்ல நேரவில்லை.