தீராத ரொட்டிக்கூடை

ஆலிவ் கார்டன் என்ற இத்தாலிய பாணி உணவகத்தின் பிரெட்ஸ்டிக் இத்தாலியில் கிடைக்காது. அந்தக் கடை 1982-ல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் தொடங்கியது. தொடங்கியவர்கள் ஜெனரல் மில்ஸ் என்ற மாவுக் கம்பெனிக்காரர்கள். இத்தாலிய ரொட்டிக்குச்சியான கிரிசினி பென்சில் கனம்தான், மொறுக்கென்று ஒடியும். இதுவோ தொட்டாலே அமுங்கும்; விரலில் பூண்டு உப்பு ஒட்டும். கூடை காலியானால் இன்னொன்று வரும், காசு கிடையாது.

நண்பரின் பணி ஓய்வு விருந்தை அங்கேதான் வைத்தோம். ருசி தெரிந்தவர்கள் மூக்கைச் சுளிக்கட்டும், கூட்டமாக உட்கார்ந்து அரட்டையடிக்க இதைவிடத் தோதான இடம் ஏது? பரிமாறுகிற பெண் சாலட் மேல் சீஸ் துருவத் தொடங்கினாள். 'போதும்' என்று நாம் சொல்லும்வரை துருவுவது அங்கே வழக்கம். நண்பர் வாயே திறக்கவில்லை. சாலட் வெளுத்துப்போனது.

"சொல்லுங்களேன் சார்!"

"என்ன அவசரம்? நாளைக்கு ஆபீஸா இருக்கு?"