கார்கில் படங்களில் காணாமல் போன மலை

கார்கில் போர் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் சினிமா வழியாக வந்தது. 2003-இல் ஜே.பி. தத்தாவின் 'எல்.ஓ.சி. கார்கில்', 2004-இல் ஃபர்ஹான் அக்தரின் 'லக்‌ஷ்யா', 2021-இல் நம்மூர் விஷ்ணுவர்தன் இந்திக்குப் போய் எடுத்த 'ஷேர்ஷா'. மூன்றையும் ராணுவ வரலாறு படிக்கிறவர் கண்ணோடு மறுபடி பார்த்தபோது எழுந்த கேள்விகள்தான் இந்தக் குறிப்பு. நடிப்பு, பாட்டு, காதல் பகுதி எதையும் நான் தொடப்போவதில்லை. இந்தப் படங்களில் மலை என்னவாக இருக்கிறது என்பது மட்டும்தான் விஷயம்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம், ஏன்னா படங்கள் அதைக் காட்டுவதே இல்லை. ஸ்ரீநகரிலிருந்து லே போகும் சாலை ஜோஜி லா கணவாயைத் தாண்டி த்ராஸ், கார்கில் வழியாகப் போகிறது. த்ராஸ் பகுதியில் இந்தச் சாலை எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்குச் சில கிலோமீட்டர் தெற்கே, பள்ளத்தாக்கில் ஓடுகிறது. சாலைக்கும் கோட்டுக்கும் நடுவே 4,500, 5,000 மீட்டர் உயர முகடுகள். முகட்டில் தொலைநோக்கியும் வயர்லெஸ்ஸும் வைத்துக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்தால் போதும். சாலையில் போகும் ஒவ்வொரு லாரியையும் எண்ணலாம், பின்னாலிருக்கும் பீரங்கிக்கு இடம் சொல்லலாம். 1999-இல் நடந்தது அதுதான். மலை உச்சியிலிருந்து துப்பாக்கியால் சுட்டது அடுத்த விஷயம். உச்சியின் முதல் மதிப்பு, அங்கிருந்து சாலை தெரிகிறது என்பது.

இதைப் புரிந்துகொண்டால் டோலோலிங்குக்கு ஏன் அவ்வளவு விலை கொடுத்தார்கள் என்பது புரியும். த்ராஸுக்கு மேலே, சாலையிலிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் முகடு அது. 1999 மே மாத மூன்றாவது வாரத்திலிருந்து 18 கிரெனேடியர்ஸ் பட்டாலியன் அதன்மேல் ஏற முயன்றது. மரமில்லாத, மறைவில்லாத சரிவு. மேலே கல் அடுக்கிக் கட்டிய பதுங்கிடங்களில் இயந்திரத் துப்பாக்கிகள். மே 30-இல் மேஜர் ராஜேஷ் அதிகாரி இறந்தார். ஜூன் தொடக்கத்தில் பட்டாலியனின் இரண்டாம் நிலைத் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஆர். விஸ்வநாதனும் அதே சரிவில் இறந்தார். கடைசியில் ஜூன் 12-13 இரவில், கூடுதல் பீரங்கிகளைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகு, 2 ராஜபுதனா ரைஃபிள்ஸ் அதைப் பிடித்தது. மூன்று வாரம்! அந்த மூன்று வாரத்தில் கிரெனேடியர்கள் சரிவிலேயே ஒட்டிக்கொண்டு, பாதி வழியில் பிடிமானம் உண்டாக்கி வைத்தார்கள். கடைசித் தாக்குதல் அங்கிருந்துதான் கிளம்பியது.

இந்த மூன்று வாரத்தைத் திரையில் காட்டுவது கஷ்டம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். தோற்ற தாக்குதல், மறுபடி தோற்ற தாக்குதல், பாறைக்குப் பின்னால் இரண்டு நாள் படுத்துக் கிடப்பது, பீரங்கி வரும்வரை காத்திருப்பது. ரசிகர் கொட்டாவி விடுவார். ஆனால் மலைப்போர் என்பது பெரும்பாலும் அந்தக் காத்திருப்புதான்.

'எல்.ஓ.சி. கார்கில்' நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். விமர்சகர்கள் கிழித்தார்கள், மக்களும் பெரிதாகக் கொண்டாடவில்லை. எனக்கு மட்டும் அதன்மேல் ஒரு மரியாதை உண்டு. அதில் பல பட்டாலியன்கள் வருகின்றன, பல மலைகள் வருகின்றன, ஏறுகிறார்கள், சாகிறார்கள், மறுபடி ஏறுகிறார்கள். அலுப்பு தட்டுகிறதே, அந்த அலுப்பில் கொஞ்சம் உண்மை இருக்கு. குறை எங்கே என்றால், எந்த மலை எங்கே இருக்கிறது, எது எதற்கு மேலே, ஏன் இதைப் பிடித்தபின் அது என்பது படம் முழுக்க விளங்குவதில்லை. ஒரு சிகரத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் பாறையும் புகையும் மட்டும் மிஞ்சுகிறது. வரைபடத்தைச் சுவரில் மாட்டி ஒரு அதிகாரி இரண்டு நிமிடம் குச்சியால் காட்டியிருந்தால் அந்தப் படம் வேறாக இருந்திருக்கும்.

'லக்‌ஷ்யா' இதற்கு நேர் எதிர். மிகச் சுத்தமாக எடுக்கப்பட்ட படம், ஒரே ஒரு மலை: 'பாயிண்ட் 5179'. அது கற்பனைப் பெயர். நாயகன் இருட்டில் பின்பக்கச் செங்குத்துப் பாறையில் ஏறி, எதிரி எதிர்பார்க்காத திசையில் போய் விழுகிறான். இதைப் பார்த்ததும் யாருக்கும் டைகர் ஹில் நினைவு வரும். 5,062 மீட்டர் உயரமான டைகர் ஹில்லை ஜூலை 3 இரவில் தாக்கியபோது 18 கிரெனேடியர்ஸின் கட்டக் படைப்பிரிவு அப்படியொரு செங்குத்தில் கயிறு கட்டி ஏறியது. 19 வயது யோகேந்திர சிங் யாதவ் பல குண்டுகள் பட்டும் மேலே போய்ப் பதுங்கிடங்களை அடக்கியதற்காகப் பரம் வீர் சக்ரா பெற்றார். அதில் மிகை எதுவும் தேவையில்லை, நடந்ததே நம்பமுடியாதது.

ஆனால் டைகர் ஹில் அந்தப் பாறை ஏற்றத்தால் மட்டும் விழவில்லை. அதற்கு முன்பே ஜூன் 24-இல் மிராஜ் 2000 விமானங்கள் லேசர் வழிகாட்டும் குண்டுகளை உச்சியில் போட்டிருந்தன. டைகர் ஹில் மீட்கப்பட்ட நாளில் ஒன்பதாயிரம் குண்டுகள் சுடப்பட்டதாகப் பீரங்கிப் படையின் கணக்கு. போர் முழுவதிலும் சுமார் இரண்டரை லட்சம். போஃபர்ஸ் பீரங்கியை இயல்பாகச் செய்வதுபோல் மலைக்கு மேலாக வளைத்துச் சுடாமல், சாலையோரத்திலேயே நிறுத்தி, கண்ணுக்குத் தெரியும் பதுங்கிடத்தை நேராகக் குறிவைத்துச் சுட்டார்கள். அப்படிச் சாலையோரம் நிறுத்தினால் எதிரிக்கும் அந்தப் பீரங்கி தெரியும். பதில் குண்டு வரும். அந்தப் பீரங்கிக்காரர்களை எத்தனை படங்களில் பார்த்திருக்கிறோம்? 'லக்‌ஷ்யா'வில் கதையைத் தீர்ப்பது நாயகனின் மனமாற்றமும் அந்தக் கயிறும்தான்.

அதைவிட முக்கியம், உச்சியில் கொடி ஏறியதும் கதை முடிவதில்லை. ஜூலை 4 காலையில் டைகர் ஹில் உச்சி கைக்கு வந்தது. அன்றைக்கே வாஷிங்டனில் நவாஸ் ஷெரீஃப் கிளிண்டனைச் சந்தித்தார். அந்த நாளில் அந்தச் செய்தி எவ்வளவு எடை உள்ளது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் மலையின் மேற்கு முகட்டில் பாகிஸ்தான் வீரர்கள் இன்னும் இருந்தார்கள். 8 சீக் பட்டாலியன் அங்கே போய் 'ஹெல்மெட்', 'இந்தியா கேட்' என்று பெயர் வைத்திருந்த இரண்டு மேடுகளைப் பிடித்தது. எதிர்த்தாக்குதல் வந்தது, அதைத் தாங்கியது. மலை முழுசாகச் சுத்தமானது ஜூலை 8-இல். நாலு நாள் வித்தியாசம். சினிமாவுக்கு உச்சி ஒரு புள்ளி. ராணுவத்துக்கு அது தோளும் முதுகும் வாலும் உள்ள ஒரு உடம்பு.

அந்த எதிர்த்தாக்குதலில் இறந்தவர்தான் கேப்டன் கர்னல் ஷேர் கான். 'கர்னல்' என்பது அவர் பெயரின் பகுதி, பதவி இல்லை. நார்தர்ன் லைட் இன்ஃபன்ட்ரியின் 12-ஆவது பட்டாலியனில் இருந்தவர். அவர் சண்டையிட்ட விதத்தை இந்தியத் தரப்பில் 192 மலைப் பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய பிரிகேடியர் எம்.பி.எஸ். பாஜ்வா கவனித்தார். உடலைத் திருப்பி அனுப்பும்போது, இவர் தைரியமாகச் சண்டையிட்டார் என்று ஒரு சீட்டு எழுதிச் சட்டைப்பையில் வைத்தார். பாகிஸ்தான் அவருக்கு நிஷான்-இ-ஹைதர் கொடுத்தது. இந்த ஒரு சீட்டை வைத்து முழுப் படம் எடுக்கலாம். ஆனால் நம் படங்களில் எதிரி என்பவன் வசை பேசிவிட்டுச் சாகிறவன். நார்தர்ன் லைட் இன்ஃபன்ட்ரி ஆட்கள் பெரும்பாலும் கில்கித்-பால்டிஸ்தான் மலைக்காரர்கள். தொடக்கத்தில் இவர்களைத் தன் ராணுவம் என்றே பாகிஸ்தான் ஒத்துக்கொள்ளவில்லை, 'முஜாகிதீன்' என்றது. பல உடல்களை வாங்க மறுத்தது, இந்திய ராணுவமே அடக்கம் செய்தது. 2010-இல் தான் பாகிஸ்தான் ராணுவம் இறந்த 453 பேரின் பெயரைத் தன் இணையதளத்தில் வெளியிட்டது. பாகிஸ்தானில் நசீம் ஜெஹ்ரா எழுதிய 'ஃப்ரம் கார்கில் டு தி கூ' அந்தத் தரப்பின் தலைமை எடுத்த முடிவுகளைக் கடுமையாக விசாரிக்கிறது. எதிரியை முட்டாளாகக் காட்டினால், அவனை வென்றவனின் உழைப்பும் சேர்ந்து சுருங்கிப்போகிறது. இது ஏன் நம் இயக்குநர்களுக்குப் புரிவதில்லை?

'ஷேர்ஷா' பற்றி. விக்ரம் பத்ரா என்ற மனிதரின் கதையாக அது நன்றாகவே வேலை செய்கிறது, நான் மறுக்கவில்லை. பாயிண்ட் 5140, பிறகு பாயிண்ட் 4875 என்று இரண்டு மலைகள் வருகின்றன. ஆனால் 4875 என்பது ஒற்றைச் சிகரம் கிடையாது, முஷ்கோ பள்ளத்தாக்கில் பல மேடுகள் சேர்ந்த ஒரு தொகுதி. 13 ஜாக் ரைஃபிள்ஸ் ஒரு பக்கம், 17 ஜாட் இன்னொரு பக்கம். பத்ரா இறந்த அதே ஜூலை 7-இல், அதே தொகுதியில் 17 ஜாட்டின் கேப்டன் அனுஜ் நய்யார் இறந்தார். மூன்று நாள் முன்பு அங்கேயே சண்டையிட்ட ரைஃபிள்மேன் சஞ்சய் குமார் பரம் வீர் சக்ரா பெற்று உயிரோடு திரும்பினார். படம் பார்த்து முடித்தவரிடம் கேட்டால் நினைவில் நிற்பது ஒரு பெயர். வாழ்க்கைக் கதைப் படத்தின் இயல்பு அது, இயக்குநர் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அதே அச்சில் படம் படமாக வரும்போது, மலை ஒரு தனிமனிதனின் தேர்வுக்கூடமாகவே மனசில் பதிந்துவிடுகிறது.

தோற்ற தாக்குதல் பற்றிச் சொன்னேன். நம்மூர்க் கதையே ஒன்று இருக்கிறது. மேஜர் மாரியப்பன் சரவணன், 1 பீகார் பட்டாலியன். படாலிக் பகுதியில் ஜுபார் மலைமேல் மே 28-29 இரவில் தாக்கினார். எத்தனை பேர் மேலே இருக்கிறார்கள், என்னென்ன ஆயுதம் என்று சரியாகத் தெரியாத ஆரம்ப நாட்கள் அவை. அவர் அங்கேயே இறந்தார். உடலைக் கீழே கொண்டுவரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஜுபார் கைக்கு வந்தது ஜூலையில். வீர் சக்ரா கொடுத்தார்கள், திருச்சியில் நினைவிடம் இருக்கிறது. அவரைப் பற்றிப் படம் எடுத்தால், ஏன் இவ்வளவு குறைந்த தகவலோடு, இவ்வளவு குறைந்த பீரங்கியோடு அந்த நாட்களில் மேலே அனுப்பினார்கள் என்ற கேள்வியை எப்படித் தவிர்ப்பது? ஜூலையிலிருந்து கதை ஆரம்பித்தால் அந்தக் கேள்வியே எழாது. படங்கள் ஜூலையை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மலைகள் ஏன் காலியாக இருந்தன? குளிர்காலத்தில் இரண்டு பக்கமும் பல காவல் நிலைகளிலிருந்து இறங்கிவிடுவது அப்போது வழக்கமாக இருந்தது. பாகிஸ்தான் அந்த இடைவெளியைப் பயன்படுத்தியது. மே தொடக்கத்தில் இதை முதலில் கவனித்தவர்கள் உள்ளூர் மேய்ப்பர்கள். இதை விசாரிக்க அரசு அமைத்த குழுவுக்குத் தலைவர் கே. சுப்ரமணியம், திருச்சியில் பிறந்தவர். உளவு அமைப்புகள் தகவலைப் பகிர்ந்துகொள்ளாதது முதல் பல குறைகளை அந்த அறிக்கை பேசியது. 2000-இல் பொதுவெளிக்கு வந்தபோது பாதுகாப்பு காரணம் காட்டிச் சில பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. அதே ஆட்சியின் ராணுவத் தலைவர் வி.பி. மாலிக் எழுதிய நூலின் தலைப்பிலேயே 'எதிர்பாராத அதிர்ச்சி' என்ற பொருள் வரும் சொல் இருக்கிறது. ராணுவத் தலைவர் ஒத்துக்கொண்டதைச் சினிமா ஒத்துக்கொள்ளத் தயங்குவது வேடிக்கைதான்.

இன்னும் பின்னால் போகலாம். 1999 மேயில் இந்த மலைகளின் கதை ஆரம்பிக்கவில்லை. 1948 கோடையில் த்ராஸும் கார்கிலும் கில்கித் ஸ்கவுட்ஸ் கைக்குப் போயின; அந்த நவம்பரில் ஜோஜி லாவில் டாங்கிகளை ஏற்றி, அதன்பிறகுதான் மீட்டார்கள். அதைவிட எனக்குச் சுவாரசியமானது கார்கில் ஊருக்கு மேலேயே இருக்கும் பாயிண்ட் 13620. எண்ணைப் பார்த்தாலே அதன் வயசு தெரியும், 13620 என்பது அடி. பழைய வரைபடம். 5140, 4875 எல்லாம் மீட்டர். 13620-ஐ மீட்டரில் சொன்னால் 4,150 வரும்.

போர்நிறுத்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம், பாகிஸ்தான் கையில் இருந்த மலை அது. அங்கிருந்து ஊரும் சாலையும் உள்ளங்கைபோல் தெரியும். 1965 மே 17-இல் 4 ராஜ்புத் அதைத் தாக்கிப் பிடித்தது. மேஜர் பல்ஜித் சிங் ரந்தாவா அதில் இறந்தார், மகாவீர் சக்ரா. ஜூன் முடிவதற்குள், ஐ.நா. தலையிட்டு, சாலைக்குத் தொந்தரவு வராது என்ற உறுதியின் பேரில் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆகஸ்டில் ஊடுருவல் ஆரம்பித்ததும் மறுபடி பிடித்தார்கள். 1966 ஜனவரியில் தாஷ்கண்ட் ஒப்பந்தம். மறுபடி திருப்பிக் கொடுத்தார்கள். 1971 டிசம்பரில் மூன்றாவது தடவை, பனியில், மறுபடி பிடித்தார்கள். இந்தத் தடவை 1972 சிம்லா ஒப்பந்தம் அவரவர் பிடித்ததை அவரவரிடம் விட்டது, கோடு மலைக்கு அப்பால் நகர்ந்தது. 1999-இல் படாலிக்கிலும் த்ராஸிலும் மலைமலையாக ஏறிக்கொண்டிருந்தபோது, கார்கில் ஊரின் தலைக்கு நேர்மேலே இருந்த இந்த மலை இந்தியா கையிலேயே இருந்தது.

ஆறரை ஆண்டுகளில் ஒரே மலையை மூன்று தடவை ஏறிப் பிடித்திருக்கிறார்கள். இரண்டு தடவை பேச்சுவார்த்தை மேசையில் கைமாறியிருக்கிறது. முதல் தடவை அங்கே இறந்தவரின் ரெஜிமென்டில் இருந்த ஒருவர், ஜூனில் அந்தச் சரிவில் இறங்கி வரும்போது என்ன பேசிக்கொண்டு வந்திருப்பார்? அந்தக் காட்சியை எந்த இயக்குநரும் இதுவரை எடுக்கவில்லை.