எச்சரிக்கைக்கு ஒரு பொது வடிவம்

கடலூர்த் துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் கூண்டு ஏற்றப்பட்டது என்று கேட்ட மாத்திரத்தில், விளக்கம் எதுவும் வேண்டாமலே படகுகளைக் கரையேற்றும் மீனவ ஜனங்கள், அரசாங்க இலாகாக்களுக்கிடையே தகவல் பரிமாறப் பொதுத் தரம் அவசியந்தானா என்ற கேள்விக்கு என்றோ விடை கண்டவர்கள். வானிலை இலாகாவின் கணிப்பையும் துறைமுக அதிகாரியின் அறிவிப்பையும் கடலோடியின் முடிவையும் 1 முதல் 11 வரையிலான எண்களால் பிணைத்த அம்முறையின் நோக்கத்தையே, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ அமைப்பு கைக்கொண்டுள்ள ‘காமன் அலர்ட்டிங் புரோட்டோகால்’ என்னும் சர்வதேசத் தரமும் விரிந்த அளவில் நிறைவேற்ற முயல்கிறது.

இத்தரத்தின் சிறப்பு, அபாயத்தின் அவசரம், கடுமை, நிச்சயம் ஆகிய மூன்றையும் தனித்தனிக் கட்டங்களில் பிரித்து வைப்பதாகும். நேரக்கூடிய விபத்து கொடியதாயினும் அது நேர்வது உறுதியில்லை என்பதை, மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் ஓர் அதிகாரி சொல்வதற்கு இது வழி செய்கிறது. ஒருமுறை எழுதிய செய்தி, மறுபடி எழுதப்படாமல், கைப்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் ஒரே பொருளோடு சென்று சேர்கிறது.

ஆயினும் இத்தரம் உருப்பெற்ற 2004ஆம் ஆண்டிலேயே, டிசம்பர் 26 அன்று, கடலூரின் தேவனாம்பட்டினத்தின் மீது ஆழிப்பேரலை முன்னறிவிப்பின்றிப் பாய்ந்தது. இந்துமாக்கடலுக்கென்று எச்சரிக்கை மையம் எதுவும் அன்று இல்லை. படிவத்தை நிரப்பும் அறிவும் ஸ்தாபனமும் இல்லாதவிடத்துப் படிவத்தால் பிரயோஜனமில்லை.

அக்குறை வேறு உருவில் இன்றும் நீடிக்கிறது. கர்நாடகத்து மழையால் மேட்டூர் அணை நிரம்பிக் கொள்ளிடத்தில் உபரிநீர் பெருகும்போது, சிதம்பரத்து வானம் நிர்மலமாக இருக்கையிலேயே, கரையோர ஊர்களான திட்டுக்காட்டூரும் கீழகுண்டலபாடியும் நீரால் சூழப்படுகின்றன. கொள்ளிடத்தின் கீழணையில் இத்தனை ஆயிரம் கன அடி திறக்கப்பட்டது என்ற செய்தி, அது எந்தத் தெருவில் எந்த நேரத்தில் எவ்வளவு ஆழமாகும் என்பதை அவ்வூராருக்கு உணர்த்துவதில்லை. பாதிக்கப்படும் பரப்பை வரைபடமாகக் குறிக்கத் தரம் இடமளிக்கிறது. ஆனால் கடலூர் மாவட்டம் முழுவதையும் ஒரே பரப்பாகக் குறித்தால், விருத்தாசலத்தாரும் கடற்கரையோரும் ஒரே எச்சரிக்கையைப் பெற்று, நாளடைவில் இருசாராரும் அதை அலட்சியம் செய்யப் பழகுவர். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் பெருவெள்ளம் திறக்கப்பட்டபின், எச்சரித்தோம் என்று அரசும், போதாது என்று எதிர்க்கட்சிகளும் வாதிட்டமை, செய்தி அனுப்பப்படுவதும் ஜனங்களுக்கு உறைப்பதும் வேறு வேறு என்பதை மெய்ப்பிக்கிறது.

பழைய கூண்டு முறையில் 11ஆம் எண்ணுக்கு ஒரு விசேஷமுண்டு: எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அற்றுவிட்டது என்பதை அது அறிவிக்கும். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் இம்மாவட்டத்தின் மின்கம்பங்களைச் சாய்த்துச் சென்றதை நினைப்போர், கைப்பேசியையே நம்பிய ஏற்பாட்டுக்கு இத்தகைய முன்யோசனை எவ்வளவு அவசியம் என்பதை உணர்வர்.

ஆகவே பொதுத் தரத்தை ஏற்பதோடு அரசாங்கத்தின் கடமை முடிந்துவிடாது. அணை நீரின் அளவை ஊர்தோறும் வெள்ள ஆழமாக மாற்றிக் கூறும் வரைபடங்களை நீர்வள இலாகா ஆக்கித் தருவதும், செய்தி நின்றுபோனால் எவர் என்ன செய்வதென்று ஒவ்வொரு கிராமத்திலும் முன்கூட்டியே விதித்து வைப்பதும் நிறைவேறிய பிறகே, அத்தரம் உயிர்காக்கும் சாதனமாகும்.