பரிணாமமும் பழந்தமிழ் நூற்சான்றும்: ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

மனித இனத்தின் தோற்றம் குறித்து அறிவியல் தரும் விடை பரிணாமக் கோட்பாடு. அதற்குரிய சான்றுகளுள் கண்ணால் காணவும் கையால் தொடவும் தக்கது புதைபடிவம். இக்கோட்பாட்டைத் தமிழாய்வுலகம் இரு வழிகளில் எதிர்கொண்டு வந்துள்ளது. தன் துறைக்குப் புறம்பானதென விடுப்பது ஒன்று. முன்னோர் இதனை முன்பே மொழிந்துவிட்டனர் என உரிமை கொண்டாடுவது மற்றொன்று. தொல்காப்பிய மரபியலின் உயிர்ப்பாகுபாடும் சிவபுராணத்தின் பிறவி வரிசையும் இரண்டாம் வழியினர் வழக்கமாகக் காட்டும் மேற்கோள்கள். இவ்வுரிமை கோரல் அந்நூல்களுக்கும் அறிவியலுக்கும் ஒருங்கே ஊறு செய்கிறது என்பதையும், பரிணாமத்தை விளங்கிக்கொள்ளத் தமிழாய்விடம் வேறொரு கருவி உண்டு என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மறுப்பும் பெருமிதமும்

2018 ஜனவரியில் அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சர் சத்யபால் சிங், டார்வின் கோட்பாடு அறிவியல் அடிப்படையில் தவறானது என்றார். குரங்கு மனிதனாக மாறியதைக் கண்டதாக முன்னோர் எவரும் எழுத்திலோ வாய்மொழியிலோ கூறவில்லை என்பது அவர் காட்டிய காரணம். 1934இல் சி.வி. இராமன் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமி உள்ளிட்ட மூன்று அறிவியல் அகாதெமிகள் கூட்டறிக்கை வெளியிட்டு இதனை மறுத்தன. 2023இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டபோது, 1800க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் எதிர்ப்புக் கடிதத்தில் கையொப்பமிட்டனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் நூலில் அப்பகுதி இருந்தது. ஆயினும் மேல்நிலையில் உயிரியலைத் தேர்ந்தெடுக்காத மாணவருக்கு அது எட்டாது.

அமைச்சரின் மறுப்பும் தமிழாய்வாளரின் பெருமிதமும் எதிரெதிர் நிலைகளாகத் தோன்றும். ஆனால் இரண்டும் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே. முன்னோர் சொல்லவில்லை, ஆதலின் பொய் என்கிறது ஒன்று. முன்னோர் சொன்னார்கள், ஆதலின் மெய் என்கிறது மற்றது. புதைபடிவமோ எவரும் காணாத, எவரும் எழுதிவைக்காத காலத்திற்குரிய சான்று. எழுத்துத் தோன்றி ஏறத்தாழ 5000 ஆண்டுகளே ஆகின்றன. மனிதக் கால்வழியோ பல இலட்சம் ஆண்டுகளைக் கடந்தது. அக்காலத்திற்கு முன்னோர் சொல்லைச் சான்றாகக் கேட்பதும் தவறு. கொடுக்க முயல்வதும் தவறு.

மரபியலும் சிவபுராணமும்

மரபியல் உயிர்களைப் புலனறிவின் எண்ணிக்கையால் பகுக்கிறது. புல், மரம் ஓரறிவு, நத்தை முதலியன ஈரறிவு, கறையான், எறும்பு முதலியன மூவறிவு, நண்டு, தும்பி முதலியன நாலறிவு, விலங்கு ஐயறிவு, மக்கள் ஆறறிவு. இஃது ஒரு வகைப்பாடு. ஓரறிவுயிரிலிருந்து ஈரறிவுயிர் தோன்றியது என்றோ, ஒன்று முந்தியது மற்றொன்று பிந்தியது என்றோ அவ்வியல் கூறவில்லை. காலம் என்னும் கூறு அதில் இடம்பெறவே இல்லை. காலமும் வழித்தோன்றலும் இன்றிப் பரிணாமம் இல்லை.

அவ்வியலின் நோக்கமும் வேறு. இளமைப்பெயர், ஆண்பாற்பெயர், பெண்பாற்பெயர் ஆகியவற்றுள் எப்பெயர் எவ்வுயிர்க்கு உரியது என்னும் சொல்வழக்கை வரையறுப்பதே அதன் முதற்பணி. வெளிப்புறம் வன்மையுடையது புல், உட்புறம் வன்மையுடையது மரம் எனப் பிரித்தறிந்த கூர்மை போற்றத்தக்கது. அதனைப் போற்ற டார்வினின் துணை வேண்டுவதில்லை. புலன்வழிப் பகுப்பு சமண நூல்களிலும் காணப்படுவதைக் கருத்திற்கொண்டு எஸ். வையாபுரிப்பிள்ளை தொல்காப்பியரின் சமயம் பற்றி வாதிட்டார். அம்முடிவை ஏற்பினும் மறுப்பினும், மரபியலைப் பிற இந்தியச் சிந்தனை மரபுகளோடு ஒப்பிடும் நல்லாய்வுக்கு அவ்வாதம் இடமளித்தது. பரிணாமம் என்னும் பெயரைச் சூட்டியவுடன் அவ்வாய்வுக்கு இடமில்லாது போகிறது.

சிவபுராணத்தின் நிலை இன்னும் தெளிவானது. அவ்வரிசையில் பறவைக்குப் பின் பாம்பும், பாம்புக்குப் பின் கல்லும், கல்லுக்குப் பின் மனிதனும் வருகின்றன. மனிதனோடு வரிசை முடியவில்லை. பேய், அசுரர், முனிவர், தேவர் எனத் தொடர்கிறது. புதைபடிவ வரலாற்றில் ஊர்வனவற்றிலிருந்தே பறவை கிளைத்தது. உயிரற்ற கல்லுக்கு அவ்வரலாற்றில் ஒரு பிறவியாக இடமில்லை. மாணிக்கவாசகர் பேசுவது ஓருயிர் பல பிறவி எடுத்து இளைத்த இளைப்பு, வேண்டுவது பிறவியறுதல். பரிணாமம் பேசுவதோ தனி உயிரைப் பற்றியன்று, தலைமுறைதோறும் மாறும் இனத்தொகையைப் பற்றி. பாடலின் உயிர்நாடியாகிய அவ்விளைப்பை உயிரியற் பட்டியலாக்குவது அதன் பொருளைப் பறிப்பதாகும்.

பாறையும் ஏடும்

பெங்களூரு லால்பாக் பூங்காவில் கெம்பேகவுடர் கோபுரம் நிற்கும் பாறைக்குன்று ஏறத்தாழ 300 கோடி ஆண்டுத் தொன்மையுடைய தீபகற்ப நைஸ் பாறையால் ஆனது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதனைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. அப்பாறையில் எலும்புப் புதைபடிவத்தைத் தேடிப் பயனில்லை. எலும்புடைய உயிர்கள் தோன்றுவதற்கு 200 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே அது உருவாகி, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது. படிவுகள் அடுக்கடுக்காகப் படியும் இடத்திலேயே எச்சங்கள் நிலைக்கும். ஆதலின் ஓரிடத்துச் சான்றின்மையை அவ்விடத்து நிலவியலோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

தென்னிந்திய மனிதத் தொன்மைக்கும் இது பொருந்தும். 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவி இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கமாயிற்று. அவ்வாண்டே அவரும் வில்லியம் கிங்கும் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் பின்னர் அகழாய்ந்தனர். அங்குள்ள கைக்கோடரிகள் 10 இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என 2011இல் அவர்கள் வெளியிட்டனர். கருநாடகத்தின் ஹுணசகி பள்ளத்தாக்கில் கே. பத்தையா அகழ்ந்த இசாம்பூரின் காலம் விலங்குப் பற்களைக்கொண்டு ஏறத்தாழ 12 இலட்சம் ஆண்டு எனக் கணிக்கப்பட்டது. இவ்விடங்களில் கருவி உண்டு. கருவி செய்தோர் எவ்வினத்தவர் எனக் காட்டும் எலும்பு இல்லை. 1982இல் நருமதைக் கரையில் ஹத்னோராவில் அருண் சொனாகியா கண்டெடுத்த மண்டையோட்டுப் பகுதி இந்தியாவின் அரிய எலும்புச் சான்று. முதலில் ஹோமோ எரக்டஸ் இனத்தின் உட்பிரிவாகக் கருதப்பட்ட அதனை, பின்வந்தோர் சிலர் தொன்மையான ஹோமோ சேப்பியன்ஸ் எனக் கொண்டனர்.

இடைவெளி மிக்க சான்று தமிழாய்வுக்குப் புதிதன்று. செல்லரித்த ஏடுகளும் பெயரளவில் எஞ்சிய நூல்களும் நிறைந்ததே தமிழிலக்கிய வரலாறு. இடைவெளி உண்டு என்பதற்காக அவ்வரலாற்றை எவரும் பொய்யெனத் தள்ளுவதில்லை.

கைவிடும் துணிவு

சிவாலிக் மலைப்பகுதியில் கிடைத்த தாடைத் துண்டைக்கொண்டு 1930களில் எட்வர்ட் லூயிஸ் இராமாபிதெக்கஸ் எனப் பெயரிட்ட உயிரினம், 1960களில் மனிதனின் மூதாதை எனப் பெரிதும் ஏற்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் பாகிஸ்தானில் கிடைத்த முழுமையான முகவெலும்பு அவ்வினத்தை ஒராங்குட்டானின் கால்வழிக்கு உரியதாகக் காட்டியது. இந்திய மண்ணுக்குக் கிடைத்த அப்பெருமையை, முன்பு அதனை முன்மொழிந்தவர்களுள் ஒருவரான டேவிட் பில்பீமே கைவிட்டார்.

இதனோடு இலெமூரியாவை ஒப்பிடலாம். இலெமூர் விலங்குகளின் பரவலை விளக்க 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் முன்வைத்த கருதுகோள் அது. எர்ன்ஸ்ட் ஹெக்கல் அதனை மனிதனின் பிறப்பிடமாகக் கருதினார். 1960களில் நிலத்தட்டுக் கோட்பாடு நிலைபெற்றபின் அறிவியலுக்கு அது வேண்டப்படவில்லை. தமிழிலோ அது குமரிக்கண்டத்தோடு இணைந்தது; தேவநேயப் பாவாணர் உள்ளிட்டோர் எழுத்துகளில் மனிதன் பிறந்தகமாக நிலைத்தது. பாவாணரின் சொல்லாய்வுத் திறம் தனியே மதிக்கத்தக்கது. ஆனால் கருதுகோளைத் தந்த துறையே அதனைக் கைவிட்டபின்னும் அத்துறையின் பெயரால் அதனைக் காப்பது அறிவியலாகாது.

பிழை காட்டும் உறவு

பரிணாமத்தைப் புரிந்துகொள்ளத் தமிழாய்விடம் உள்ள கருவி மூலபாட ஆய்வு. 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே. சாமிநாதையர், பல ஏடுகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கிப் பாடம் கண்டார். இரண்டு ஏடுகள் ஒரே இடத்தில் ஒரே பிழையைக் கொண்டிருப்பின், அவை இரண்டும் அப்பிழையுடைய ஓர் ஏட்டின் வழிவந்தவை எனக் கொள்வது மூலபாட ஆய்வின் நெறி. அம்மூல ஏடு கிடைக்காவிடினும் அது இருந்தது உறுதியாகிறது.

உயிரியலும் இந்நெறியையே கையாள்கிறது. பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. அதற்கு வேண்டிய மரபணு மனிதனிடத்தும் சிம்பன்சியிடத்தும் பழுதுபட்டுக் கிடக்கிறது. பழுதின் கூறுகள் பலவும் இரண்டிலும் ஒத்துள்ளன. கினிப்பன்றியிலும் அம்மரபணு பழுதுபட்டதே. ஆயின் அது தனித்து நேர்ந்த வேறு பழுது. முன்னையது ஒரு மூல ஏட்டுப் பிழை. பின்னையது தனி ஏட்டாளனின் கைப்பிழை. மனிதன் இன்றைய குரங்கிலிருந்து வந்தான் என்பதன்று பரிணாமம் கூறுவது. இருவரும் ஒரு மூதாதையின் வழிவந்தோர் என்பதே. ஏட்டுக்கால்வழி பயின்ற மாணவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

முடிவுரை

மரபியல் வகைப்பாட்டு நூல். சிவபுராணம் பிறவித்துயர்ப் பாடல். இரண்டும் பரிணாம நூல்கள் அல்ல. அதனால் அவற்றின் பெருமை குறைவதும் இல்லை. முன்னோர் சொல்லையே சான்றெனக் கொள்ளும் வரையில் பரிணாமத்தை மறுப்போரும் அதற்கு உரிமை கோருவோரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். பள்ளிப் பாடநூலில் இப்பகுதி சுருங்கிய சூழலில் தமிழ் வகுப்பறையின் பொறுப்பு பெரிது. மரபியல் பாடத்தில் வகைப்பாட்டுக்கும் வழித்தோன்றலுக்கும் உள்ள வேறுபாட்டையும், மூலபாட ஆய்வுப் பாடத்தில் பிழையொற்றுமை உறவு காட்டும் முறையையும் கற்பித்தல் வேண்டும். இதற்குப் புதிய பாடத்திட்டம் தேவையில்லை. இருக்கும் பாடங்களை உள்ளவாறு கற்பித்தலே போதுமானது.