நடுங்குவது கை மட்டுமா?

1817-ஆம் ஆண்டு இலண்டனில் 66 பக்கங்களே கொண்ட ஒரு சிறு நூல் வெளிவந்தது. எழுதியவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். ஹாக்ஸ்டன் பகுதியில் தொழில் நடத்திய மருத்துவர். புதைபடிவங்களைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதியவரும் இவரே. 'நடுக்குவாதம் பற்றிய கட்டுரை' என்பது அந்தச் சிறு நூலின் பெயர். இன்று உலகெங்கும் பார்க்கின்சன் நோய் என வழங்கும் நோயின் முதல் தெளிவான சித்திரம் அதில்தான் இருக்கிறது. இருநூறு ஆண்டுகள் கடந்த பின்னும் மாணவர்கள் எடுத்துப் படிக்கத்தக்க நூல் அது. ஆனால் அதன் வரையறையில் உள்ள ஒரு பகுதியை நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டோம். அந்தப் பகுதியைத்தான் இங்கே சற்றுத் திறனாய்ந்து பார்க்கப் போகிறோம்.

கை கால்கள் தாமாகவே நடுங்கும். தசைகளின் வலிமை குன்றும். உடல் முன்னோக்கி வளையும். நடை ஓட்டமாக மாறும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, புலன்களும் அறிவும் பழுதுபடுவதில்லை என்று பார்க்கின்சன் முடிக்கிறார். இந்தக் கடைசிப் பகுதியே நாம் பேச வேண்டியது.

நூலுக்கு ஆதாரம் ஆறு நோயாளிகள். ஒருவர் தோட்ட வேலை செய்தவர். ஒருவர் நீதிமன்ற அலுவலகப் பணியாளராயிருந்தவர். மற்றொருவர் மாலுமி, ஸ்பானியச் சிறையில் ஈரத் தரையில் படுத்ததால் நோய் வந்தது என்று நம்பியவர். இவர்களில் இருவரைத் தெருவில் தற்செயலாகக் கண்டு நிறுத்தி விசாரித்திருக்கிறார் பார்க்கின்சன். இன்னொருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி! ஆறு பேரைக் கொண்டு ஒரு நோயின் முழு உருவத்தையும் வரைந்தது வியக்கத்தக்க திறமை என்பதில் ஐயமில்லை. கண் பார்த்ததை அவர் பிழையின்றி எழுதினார். ஆனால் தொலைவிலிருந்து பார்த்த மனிதரின் அறிவு எப்படி இருந்தது என்பதைக் கண் சொல்லாது அல்லவா? மேலும், நோயின் இறுதிக் கட்டத்தில் இலேசான பிதற்றல் தோன்றும் என்று அதே நூலில் அவரே எழுதுகிறார். வரையறை ஒன்று சொல்கிறது. உள்ளே உள்ள விவரிப்பு வேறொன்று சொல்கிறது. பிற்காலத்தில் இந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டிய பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோவும், மனத்தின் ஆற்றல்கள் நாளடைவில் குன்றுவதைக் குறிப்பிட்டார். ஆயினும் மக்கள் நினைவில் நின்றது வரையறைதான்.

தமிழில் இந்தக் குறை இன்னும் ஆழமாகப் பதிந்துவிட்டது. நடுக்குவாதம் என்கிறோம், உதறுவாதம் என்கிறோம். பெயரே கையைக் காட்டுகிறது. நம் இதழ்களில் வரும் உடல்நலக் கட்டுரைகளில் பலவும் நடுக்கம், விறைப்பு, தளர்ந்த நடை என்று வரிசையாகச் சொல்லி, மருந்து உண்டு, உடற்பயிற்சி செய்யுங்கள் என்று முடிந்துவிடுகின்றன. மருந்து உண்டபின் மனத்தில் நிகழக்கூடியது பற்றி அவற்றில் ஒரு சொல்லும் காண்பதரிது.

மருந்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அதில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. 1913-இல் குகன்ஹைம் என்ற வேதியியலார் ஃபாபா மொச்சையிலிருந்து லெவோடோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். இரண்டரை கிராம் எடுத்து விழுங்கியும் பார்த்தார், வாந்திதான் வந்தது. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தாமோதரன், இராமசாமி ஆகிய இருவரும் நம் ஊர்ப் பூனைக்காலி விதையிலிருந்து அதே பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். அது எந்த நோய்க்கு உதவும் என்று அன்று எவரும் அறியார். 1957-இல் சுவீடனின் கார்ல்சன், சர்ப்பகந்தி வேரிலிருந்து கிடைக்கும் ரெசர்பினைக் கொடுத்து அசைவற்றுப்போன முயல்களுக்கு லெவோடோபாவை ஏற்றினார். அவை எழுந்து நடமாடின. 1960-இல் வியன்னாவில், பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் மிகக் குறைந்திருப்பது கண்டறியப்பட்டது. லெவோடோபா உடலுக்குள் டோபமைனாக மாறுவது. 1967-இல் கோட்சியாஸ் அதைப் பெரிய அளவில் கொடுத்து நோயாளிகளை நடக்கவைத்தார். பின்னர் டோபமைனாக மாறாமல், டோபமைனைப் போலவே வேடமிட்டு மூளையில் வேலை செய்யும் மருந்துகளும் வந்தன. அவற்றில் பிராமிபெக்சோல், ரோபினிரோல் ஆகிய இரண்டும் 1997-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டன. நம் நாட்டிலும் இவை வழக்கத்தில் உள்ளன.

இவை நல்ல மருந்துகளே. சட்டைப் பொத்தானைப் போட முடியாதவர் போட்டுக்கொள்கிறார். ஆனால் 2005-இல் அமெரிக்காவின் மாயோ மருத்துவமனை மருத்துவர்கள் 11 நோயாளிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டனர். இவர்கள் அனைவரும் வேடமிடும் வகை மருந்தை உண்டவர்கள். 9 பேர் உண்டது பிராமிபெக்சோல். அனைவரும் அடங்காச் சூதாட்டத்தில் விழுந்தவர்கள். 2010-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளிடம் செய்த ஆய்வு வெளியாயிற்று. சூதாட்டம், கட்டுக்கடங்காமல் பொருள் வாங்குதல், மிதமிஞ்சிய காம வேட்கை, அடங்காத் தீனி ஆகிய நான்கில் ஒன்றேனும் நூற்றுக்கு 13.6 பேரிடம் காணப்பட்டது. வேடமிடும் மருந்தை உண்டவர்களில் 17.1, உண்ணாதவர்களில் 6.9. நூற்றுக்கு 17 என்றால் 83 பேருக்கு ஒன்றுமில்லை என்பதையும் வாசகர் மறக்க வேண்டாம்.

இது நோயின் விளைவா, மருந்தின் விளைவா என்று நீங்கள் கேட்கலாம். இன்னும் மருந்து தொடங்காத நோயாளிகளை ஆராய்ந்தபோது, அவர்களிடம் இந்தப் பழக்கங்கள் மற்றவர்களைவிட மிகுதியாகத் தென்படவில்லை. இரவில் கால் குடைச்சலுக்காக இதே மருந்தை உண்பவர்களில் சிலருக்கோ, பார்க்கின்சன் நோய் இல்லாமலேயே சூதாட்ட வெறி பிடித்திருக்கிறது. ஆகவே முதற் குற்றவாளி மருந்துதான். இளவயதில் நோய் கண்டவர், புகைப்பவர், குடும்பத்தில் சூதாடுவோர் இருந்தவர் ஆகியோருக்கு ஆபத்து சற்று மிகுதி. இந்த இடத்தில் பார்க்கின்சனுக்கு நாம் நியாயம் வழங்க வேண்டும். அவர் காலத்தில் இந்த மருந்துகள் இல்லை. கழுத்தில் இரத்தம் வடிக்கச் சொன்ன காலம் அது. 1817-இன் நோயாளிக்கு எழுதிய வரியை மாத்திரை உண்ணும் இன்றைய நோயாளிக்கும் அப்படியே பொருத்தியது நம் பிழை.

மருந்து இதை எவ்வாறு செய்கிறது? வயற்காட்டை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரே வாய்க்காலில் மேட்டு வயலும் இருக்கிறது. பள்ள வயலும் இருக்கிறது. மேட்டு வயல் காய்ந்துவிட்டது என்று மதகை அகலத் திறந்தால் மேட்டுக்கு நீர் எட்டும். ஆனால் பள்ள வயல் மூழ்கிப்போகும். மூளையின் ஆழத்தில் டோபமைன் பாயும் திரள்களில், உடலை இயக்கும் மேற்பகுதி இந்நோயில் முதலில் வறள்கிறது. விருப்பத்தையும் பரிசையும் எடை போடும் கீழ்ப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. கைக்காகக் கொடுத்த மருந்து அங்கேயும் பாய்கிறது. வேடமிடும் மருந்துகள் அந்தக் கீழ்ப்பகுதியில் மிகுந்துள்ள ஏற்பிகளைத் தேடிப் பற்றிக்கொள்பவை என்பது இதை இன்னும் மோசமாக்குகிறது.

2004-இல் ஃபிராங்க் என்பவரும் உடன் ஆய்ந்தோரும் ஓர் அழகான சோதனையை வெளியிட்டனர். அறிமுகமில்லாத குறிகளை இரண்டிரண்டாகக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சில குறிகள் பெரும்பாலும் வெல்லும். சில பெரும்பாலும் தோற்கும். ஆடி ஆடியே கற்க வேண்டும். மருந்தை நிறுத்தியிருந்த நோயாளிகள் தோற்கும் குறியைத் தவிர்க்க நன்கு கற்றார்கள். மருந்து உண்டவர்கள் வெல்லும் குறியைத் தேட நன்கு கற்றார்கள். தோல்வி அவர்களுக்குப் பாடம் கற்பிக்கவில்லை. இப்போது பார்க்கின்சனின் வரிக்குத் திரும்புவோம். அத்தகைய நோயாளியைக் கேட்டால் சூதாட்டம் கெடுதல் என்று தெளிவாகவே சொல்வார்; கணக்கும் தவறாமல் போடுவார். அந்த அளவில் அறிவு பழுதுபடவில்லை. தராசு இருக்கிறது, படிக்கற்கள் மாறிவிட்டன. இழப்பின் கல் இலேசாகிவிட்டது.

மேனாட்டு ஆய்வுகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக்கூடாது. அவை முதலில் தேடியது சூதாட்ட விடுதியை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பயனற்ற ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தல் முன்னே நின்றது. சூதாட்டம் பின்னே தங்கியது. ஒருவர் வானொலிப் பெட்டியைக் கழற்றிப் பூட்டிக் கழற்றி இரவைக் கழிப்பார். இன்னொருவர் அலமாரியை விடியும்வரை அடுக்குவார். வீட்டார் சுறுசுறுப்பு திரும்பிவிட்டது என்று மகிழவும் கூடும்!

தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரிச் சீட்டு தடை செய்யப்பட்டது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. ஆகவே, சூதாடுகிறாரா என்று மருத்துவர் கேட்டால் இல்லை என்ற விடை எளிதில் வரும். கேள்வி முடிந்துவிடும். ஆனால் படிக்கல் மாறிய தராசு, அந்தந்த ஊரில் கிடைக்கும் சரக்கைத்தான் நிறுக்கும்.

பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்வோம். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் செல்பவர் ஒரு புறம் சதுப்பு நிலத்தையும் அதை நெருக்கி நிற்கும் கட்டடங்களையும் காணலாம். பல ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் தாழ்நிலம் அது. 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2015 டிசம்பர் வெள்ளத்தை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். இங்கு வாழும் ஓய்வு பெற்ற ஒருவரைக் கற்பனை செய்யுங்கள். அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்க நான்கு கடை ஏறி இறங்கியவர். கை நடுக்கத்துக்கு மருந்து தொடங்கி ஆறு மாதமாகிறது, நடுக்கம் குறைந்துவிட்டது. ஒரு நாள் பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்க்காமல், தண்ணீர் நிற்கும் மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறார். அடுத்த மாதம் இன்னொரு மனை. இதை நோயின் அறிகுறி என்று யார் சொல்வார்கள்? நிலம் வாங்கும் வேகம் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் உள்ளதுதானே! ஏமாந்துவிட்டார் என்பார்கள், வயதான காலத்தில் பேராசை என்பார்கள், ஏழரைச் சனி என்றும் சொல்வார்கள். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்க எவருக்கும் தோன்றாது. காம வேட்கையானால் இன்னும் கொடுமை. மனைவி வெளியே சொல்ல மாட்டார். மருமகள் வீட்டைவிட்டுப் போவாள். அவரோ ஒழுக்கங்கெட்டவர் என்ற பெயரோடு மூலையில் உட்கார வைக்கப்படுவார்.

பிரான்சில் ரென் நகரத்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-இல், ரோபினிரோல் உண்டு சூதாட்டத்தில் பெரும்பணம் இழந்த ஒருவருக்கு ஏறத்தாழ 1,97,000 யூரோ இழப்பீடு தருமாறு மருந்து நிறுவனத்துக்கு ஆணையிட்டது. எச்சரிக்கை காலத்தில் அவருக்குத் தரப்படவில்லை என்பதே வழக்கின் சாரம். இன்று இம்மருந்துகளின் விளக்கத் தாளில் எச்சரிக்கை உண்டு. ஆனால் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்! தமிழில் மட்டும் படிக்கும் குடும்பத்துக்கு அது இருந்தும் இல்லாததே. இதைத் தமிழில் சொல்வதற்குத்தான் உடல்நலக் கட்டுரைகள் இருக்கின்றன என்று நான் எண்ணுகிறேன். நடுக்கத்தை எல்லாரும் கண்ணால் பார்க்கிறார்கள். அதை எழுதிச் சொல்ல வேண்டிய தேவை குறைவு.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை எறிந்துவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் உடல் விறைத்துக் காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்து வரலாம். கடும் பதற்றமும் சோர்வும் பலருக்கு வருகின்றன. மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். பலருக்கு அந்த வேட்கை வந்ததுபோலவே போய்விடுகிறது. நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலி விதைப் பொடி வாங்கி உண்பவராயின் அதையும் மறைக்கக் கூடாது. 1937-இல் சென்னையில் பிரித்தெடுத்த அதே லெவோடோபா அதில் இருக்கிறது. மாத்திரையின் அளவோடு அதுவும் சேர்ந்துகொள்ளும்.

மருத்துவரிடம் செல்லும்போது கை எப்படி இருக்கிறது என்பதோடு இன்னும் சிலவற்றையும் சொல்லுங்கள். மருந்து தொடங்கியபின் செலவு கூடியதா? கடன் வாங்கினாரா? இரவில் என்ன செய்கிறார்? எழுதிக்கொடுத்ததைவிட அதிகமாக மாத்திரை தீர்கிறதா? நோயாளியின் முன்னால் பேசக் கூச்சமாயிருந்தால், ஒரு துண்டுத் தாளில் எழுதி, மருந்துச் சீட்டோடு சேர்த்து நீட்டிவிடலாம்.