விடுதலைக்குப் பின் வந்த கதைகள்

“நம்மிடம் ஏன் ஒரு ‘டாம் மாமாவின் குடிசை’ உண்டாகவில்லை?” என்று டி. கல்லுப்பட்டியில் கதை படிக்கும் நண்பர்கள் சிலர் என்னைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவில் நாவல் முந்தியது. ஸ்டோ அம்மையாரின் புத்தகம் 1852-ல் வந்தது. அடிமை முறையை ஒழித்த அரசியல் சட்டத் திருத்தம் 1865-ல் வந்தது. இங்கே வரிசை தலைகீழ். 1833-ல் பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தபோது, கம்பெனி ஆண்ட பகுதிகளை விலக்கி வைத்தது. பிறகு 1843-ல், ஒருவன் தன் அடிமை என்று சொல்லி எந்த உரிமையும் கோர்ட்டில் கோர முடியாது என்று சட்டம் வந்தது. தமிழின் முதல் நாவலோ 1879-ல்தான் அச்சேறியது. தஞ்சைப் பண்ணையாளுக்காக அழ அன்று கதை ஏது?

இதை நான் நஷ்டமாக நினைக்கவில்லை. ஸ்டோ அம்மையார் எஜமான வர்க்கத்தின் மனச்சாட்சியை நோக்கி எழுதினார். அதனால் டாம் பொறுமையின் பொம்மையாகிவிட்டான். நம் ஆசிரியர்களுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. சட்டம் வந்த பிறகும் ஆள் ஏன் நகர முடியவில்லை என்பதே அவர்கள் விஷயம். சட்டம் நிலம் தரவில்லை. ஆகவே கிரயச் சீட்டு போய்க் கடன் சீட்டு வந்தது. அந்தக் கடனை ரத்து செய்ய 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யில் மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் சீரழிகிறாள். சக்தி வாய்ந்த கதை. ஆனால் ஆசிரியரின் கோபம் சில இடங்களில் பாத்திரங்களை முந்திக்கொள்கிறது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) வேறு வழியில் போகிறது. பண்ணையத்தில் விடப்பட்ட ஆட்டுக்காரச் சிறுவர்கள் அதில் விளையாடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது எது என்று நமக்கு உறைக்கிறது.

ஒரு குறையும் உண்டு. கதை மேய்ச்சல் காட்டை விட்டு அதிகம் நகர்வதில்லை. கடனும் கணக்கும் ஓரத்திலேயே நிற்கின்றன. இவ்வூர்க் காந்தி நிகேதனில் கடைசி ஆண்டுகளைக் கழித்த ஜே. சி. குமரப்பா, கிராமத்தானின் கையில் தொழில் இருக்கவேண்டும் என்று ஓயாமல் சொன்னவர். தொழிலும் நிலமும் இல்லாதவனுக்குக் கடன் பத்திரம் எப்படி விலங்காகிறது என்பதை அந்தப் பத்திரத்தின் வரி வரியாகச் சொல்லும் நாவலுக்கு நான் காத்திருக்கிறேன். அதுவரை, கேட்கும் நண்பர்களுக்குக் ‘கூளமாதாரி’யைத்தான் கொடுத்தனுப்புவேன்.