மக்கள் தீர்ப்பு
‘தீவார்’ திரைப்படத்தையும் அதைப் பார்த்தோரையும் பற்றிய சில சிந்தனைகள்

ஒரு திரைப்படத்தைப் பற்றி மக்கள் கொண்ட எண்ணத்தை அறிவதற்கு இரு வழிகள் உண்டு. அது எத்தனை வாரம் ஓடிற்று என்று கணக்குப் பார்ப்பது ஒரு வழி. பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று செவிகொடுத்துக் கேட்பது மற்றொரு வழி. முதல் வழி எளிது. ஆகவே பிரசங்க பீடத்திலிருந்து சினிமாவைக் கடிந்துகொள்ளும் நம்மில் பலர் அவ்வழியையே நாடுகிறோம். கூட்டம் திரண்டது, படத்தின் நாயகன் குற்றவாளி, எனவே கூட்டம் குற்றத்தை விரும்புகிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

நானும் அவ்வாறு முடிவு கட்டியவனே. 1990-களின் பிற்பகுதியில் மும்பையில் ஒரு தமிழ்ச் சபையில் ஊழியம் செய்த நாட்களில், வாலிபர் கூட்டமொன்றில் ‘தீவார்’ என்னும் இந்திப் படத்தை எடுத்துக்காட்டாகக் காட்டி, கடத்தல்காரனுக்குக் கைதட்டும் சமுதாயத்தைக் கண்டித்துப் பேசினேன். கூட்டம் முடிந்தபின் துறைமுகத்தில் சுமை தூக்கி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அருகில் வந்தார். "ஐயா, அந்தப் பையன் கையிலே பச்சை குத்தினவங்களை எந்தப் போலீஸ் பிடிச்சது?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு விடை தோன்றவில்லை. அக்கேள்விக்கு இக்கட்டுரையில் விடை தேட முயலுகிறேன்.

கதை

1975 ஜனவரியில் வெளிவந்த இப்படத்தை இயக்கியவர் யஷ் சோப்ரா. கதை, வசனம் சலீம்–ஜாவேத் என்னும் இரட்டை எழுத்தாளர்கள். தொழிற்சங்கத் தலைவர் ஒருவரின் மனைவியையும் மக்களையும் முதலாளியின் ஆட்கள் பிடித்துவைத்து மிரட்ட, அவர் தொழிலாளருக்கு எதிரான ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். அவமானம் தாங்காமல் வீட்டைவிட்டு ஓடிவிடுகிறார். கோபங்கொண்டவர்கள் அவருடைய மூத்த மகன் விஜயின் கையில், என் தகப்பன் திருடன் என்னும் பொருள்படப் பச்சை குத்திவிடுகிறார்கள். தாய் இரு மக்களுடன் பம்பாய் வந்து, பாலத்தின் அடியில் தங்கிக் கட்டட வேலையில் கல் சுமக்கிறாள். விஜய் சிறுவயதிலேயே செருப்புத் துடைத்துச் சம்பாதிக்க, இளையவன் ரவி பள்ளிக்குச் செல்கிறான். வளர்ந்தபின் விஜய் துறைமுகத் தொழிலாளியாகிறான், பின்பு கடத்தல்காரனாகிறான். ரவி போலீஸ் அதிகாரியாகிறான். தமையனைப் பிடிக்கும் பொறுப்பு தம்பியிடம் வருகிறது. தாய் மூத்தவனின் மாளிகையைவிட்டு இளையவனோடு செல்கிறாள். இறுதியில் தம்பியின் குண்டு பட்ட விஜய், கோயிலில் தாயின் மடியில் உயிர்விடுகிறான்.

இக்கதையின் வேர்கள் பழையவை. ‘மதர் இந்தியா’வில் (1957) தாயே தன் மகனைச் சுடுகிறாள். ‘கங்கா ஜமுனா’வில் (1961) போலீஸ் தம்பி கொள்ளைக்காரத் தமையனைச் சுடுகிறான். ‘தீவார்’ அக்கதையைக் கிராமத்திலிருந்து நகரத்திற்குக் கொண்டுவந்தது. பின்னர் இதே கதை தமிழில் ரஜினிகாந்த் நடித்த ‘தீ’ (1981) என்னும் படமாக வந்ததை வாசகர் அறிவர்.

எறியப்பட்ட காசு

அமிதாப் பச்சனின் எண்பதாம் பிறந்தநாளையொட்டி 2022 அக்டோபரில் அவருடைய பழைய படங்கள் பல நகரங்களில் மீண்டும் திரையிடப்பட்டன. அப்போது மும்பை சென்றிருந்த நான் ‘தீவார்’ படத்தை நிரம்பிய அரங்கில் பார்த்தேன். படத்தைப் பார்த்ததைவிட, பார்ப்பவர்களைப் பார்த்தேன் என்பதே பொருந்தும்.

கைதட்டல் எங்கே எழுந்தது? பெரிய கடத்தல் சரக்கு கரையேறும் இடத்தில் அரங்கு அமைதியாகவே இருந்தது. செருப்புத் துடைக்கும் சிறுவன், தரையில் எறியப்பட்ட காசை எடுக்க மறுத்து, அதைக் கையில் கொடுக்கும்படி கேட்கும் இடத்தில் முதற் கைதட்டல் எழுந்தது. கூலியில் பங்கு பறிக்கும் அடியாட்களைத் துறைமுகக் கிடங்கில் விஜய் தனியாளாக எதிர்கொண்டபோது அது பேரொலியாயிற்று. இவ்விரண்டு இடங்களிலும் அவன் இன்னும் குற்றவாளியாகவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மக்கள் நேசித்த விஜய் பெரும்பாலும் குற்றத்திற்கு முந்திய விஜய்.

படம் வந்த காலத்தை நினைத்தால் இது மேலும் விளங்கும். 1974 மே மாதத்தில் நாடெங்கும் இரயில்வேத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் நடந்து ஒடுக்கப்பட்டது. விலைவாசி ஏறியிருந்தது. கடத்தலை ஒடுக்குவதற்கென்றே தனிச் சட்டம் ஒன்று 1974 டிசம்பரில் இயற்றப்பட்டது. படம் வெளிவந்து ஐந்து மாதங்களில், 1975 ஜூனில், நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. பம்பாயின் ஹாஜி மஸ்தானை மனதிற்கொண்டு விஜய் படைக்கப்பட்டான் என்ற பேச்சும் பரவலாக இருந்தது. எனினும் அரங்கில் இருந்த கூலிக்காரருக்கு அந்தச் செல்வந்தர் முக்கியமல்லர். எறியப்பட்ட காசைத் தாமும் குனிந்து எடுத்த நாட்கள் அவர்களுக்கு நினைவிருந்தன.

இளையவனைப் பற்றி

அரங்கைவிட்டு வெளியே வந்தபோது ரவியைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர் மிகச் சிலரே. "தமையன் காசில் படித்துவிட்டுத் தமையனையே சுட்டான்" என்றார் ஒரு முதியவர். இத்தீர்ப்பு முழுவதும் நியாயமானதன்று. ரவியின் மனப்போராட்டத்தைப் படம் கவனத்தோடு காட்டுகிறது. ஓடிய சிறுவன் ஒருவனைக் காலில் சுட்டுவிட்டு, அவன் திருடியது ரொட்டி என்றறிந்து, உணவுப் பொட்டலத்தோடு அவன் வீட்டிற்கு ரவி செல்லும் காட்சி படத்தின் தலைசிறந்த பகுதிகளில் ஒன்று. சிறுவனின் தாய் அவனைச் சபிக்கிறாள். ஏ. கே. ஹங்கல் நடித்த முதிய ஆசிரியராகிய தகப்பனோ, திருட்டு சிறிதானாலும் பெரிதானாலும் திருட்டே என்று சொல்லி ரவியின் செய்கையை ஒப்புக்கொள்கிறார். அதன்பின்பே ரவி தமையனின் வழக்கை ஏற்கிறான்.

ஆனால் இங்கேயே படத்தின் பலவீனமும் இருக்கிறது என்று கருதுகிறேன். பசித்த வீட்டின் தகப்பன், தன் பிள்ளையைச் சுட்டவனுக்கு நியாயம் வழங்குகிறான். அவ்வீடு பட்டினி கிடப்பதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழுவதற்குமுன் காட்சி முடிந்துவிடுகிறது. தொழிற்சங்கத் தலைவரை மிரட்டிய முதலாளியும் முதற்பகுதியோடு மறைந்துபோகிறான். அவனைத் தேடி எந்த வாரண்டும் பிறக்கவில்லை. ரவியின் சட்டம் கீழிருப்பவரிடம் மட்டும் வந்து சேருகிறது. மக்கள் ரவியிடம் கண்ட குளிர்ச்சி நடிகரின் குறையன்று. அவனுக்குக் கொடுக்கப்பட்ட நீதி அரைகுறையானது என்பதே அதன் காரணம்.

சசி கபூரின் நடிப்பு உண்மையில் மிகச் செம்மையானது. துணை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருது அவருக்கே கிடைத்தது. அவ்வாண்டின் சிறந்த நடிகர் விருதோ ‘ஆந்தி’ படத்திற்காக சஞ்சீவ் குமாருக்குச் சென்றது, அமிதாப் பச்சனுக்கு அன்று. படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மேடையில் பதக்கம் பெறுபவன் ரவி. படத்திற்கு வெளியேயும் சகோதரர் இருவரில் மேடையேறியவர் ரவியாக நடித்தவரே. இருமுறையும் மக்களின் மனம் மூத்தவனிடமே நின்றுவிட்டது.

பாடல்களும் காதலும்

பாடல்களைப் பற்றி இரு தலைமுறையினரும் ஒத்த கருத்துடையவர்களாய் இருந்தது வியப்பளித்தது. முதல் வெளியீட்டில் பாடல் வந்தபோது வெளியே சென்று தேநீர் குடித்ததாக ஒரு முதியவர் சொன்னார். இன்றைய வாலிபர் அதே இடத்தில் கைப்பேசியை எடுத்தார்கள். இசை ஆர். டி. பர்மன், பாடல்கள் சாஹிர் லுதியான்வி. இவ்விருவரின் சிறந்த ஆக்கங்களோடு இப்பாடல்களைச் சேர்ப்பது கடினம். மக்களின் பொறுமையின்மையில் நியாயம் உண்டு.

ஆயினும் ஒன்றை அவர்கள் கவனிக்கவில்லை. காதற் பாடல்கள் ரவிக்கும், நீத்து சிங் நடித்த அவன் காதலிக்கும் உரியவை. விஜய் ஒரு பாடலுக்கும் வாயசைப்பதில்லை. அவனும் பர்வீன் பாபி நடித்த அனிதாவும் சந்திக்கும் மதுக்கூடத்தில் ஓர் ஆங்கிலப் பாட்டு ஒலிக்கிறது. அதுவும் யாரோ பாடுவது. கதாநாயகன் பாடியே ஆகவேண்டும் என்றிருந்த அக்காலத்து இந்திப் படவுலகில் இது சிறிய செய்தியன்று. பாடுவதற்கு வேண்டிய இலேசான மனம் ஒரு சகோதரனுக்குக் கிடைத்தது, மற்றவனுக்கு மறுக்கப்பட்டது. பாடல்கள் சுமாரானவையாயினும் அவை வைக்கப்பட்ட இடம் பொருளுள்ளது.

அனிதாவைப் பற்றி ஒரு கல்லூரி மாணவி சொன்ன கருத்து என்னைச் சிந்திக்கவைத்தது. "அவளைக் கொன்றது வில்லன் மட்டுமல்ல, கதையை எழுதினவர்களும்தான்" என்றாள். அனிதா கருவுற்றிருப்பதை அறிந்து, மணம் செய்துகொண்டு சட்டத்தின் முன் சரணடைய விஜய் தீர்மானித்த வேளையில் எதிரிகள் அவளைக் கொல்லுகிறார்கள். அவன் மனந்திரும்பும் வாசலில் நிற்கும்போது கதை அவ்வாசலை அடைத்து, பழிவாங்கும் பாதையில் அவனைத் தள்ளிவிடுகிறது. சரணடைந்த விஜயை என்ன செய்வதென்று எழுத்தாளர்களுக்குத் தெரியவில்லை போலும். அந்த விஜயை நீதிமன்றத்தில் நிறுத்தியிருந்தால், அவன் கையிலுள்ள எழுத்தையும் நீதிபதி வாசித்தாகவேண்டியிருந்திருக்கும். மாணவியின் குறை சரியானது.

தாயின் இரு சொற்கள்

நிருபா ராய் நடித்த தாயைப் பற்றியே கருத்துகள் மிகவும் மோதின. துப்பாக்கியைத் தன் கையாலேயே இளையவனிடம் கொடுத்து, சுடும்போது கை நடுங்காதிருக்கட்டும் என்று வாழ்த்துகிற தாயும் உண்டோ என்று சினந்தவர்கள் பலர். ஆனால் அவளுடைய அடுத்த சொல்லையும் கேட்கவேண்டும். தன் கடமை நிறைவேறிற்று, இனித் தாயாகத் தன் மகனுக்காகக் காத்திருக்கச் செல்லுவதாகக் கூறிக் கோயிலுக்குப் போகிறாள். அதே மகனைத் தண்டனைக்கு ஒப்புக்கொடுத்தவளும், மடியில் ஏந்தக் காத்திருப்பவளும் அவளே. மக்கள் நீதியை ரவியிடமும் இரக்கத்தை விஜயிடமும் தேடினார்கள். அவ்விரண்டும் ஓரிடத்தில் கூடியது இத்தாயிடம் மட்டுமே.

நம் மாணவருக்கு இரு குமாரரின் உவமை இங்கே நினைவுக்கு வரும். ஒப்பிடுமுன் ஒரு வேற்றுமையைக் காணவேண்டும். உவமையில் தூரத்திலிருந்தே கண்டு ஓடிவரும் தகப்பன் உண்டு. இப்படத்தில் ஓடிப்போனவனே தகப்பன். வருடக்கணக்கில் இரயில்களில் அலைந்து அங்கேயே இறந்துபோகிறான். அவன் சிதைக்குத் தீ வைக்கும் கை, அவனைத் திருடன் என்று சொல்லும் எழுத்தைத் தாங்கிய அதே கை. கூடத்தில் முதியோரும் வாலிபரும் ஒருசேர அமைதியானது அந்தக் காட்சியில்தான்.

முடிவாக

அன்று அரங்கிலிருந்து வந்தோருள் ஒருவரேனும், விஜய் தப்பித்திருக்கவேண்டும் என்று சொல்லக் கேட்கவில்லை. அவன் முடிவு நியாயமானதென்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டே அழுதார்கள். ஒருவனுக்காக இரங்குவது வேறு, அவனைக் குற்றமற்றவன் என்பது வேறு. இவ்வேறுபாட்டைக் கூலிக்காரரும் மாணவியும் அறிந்திருந்தார்கள். பிரசங்கித்த நான்தான் அறியாதிருந்தேன்.

‘தீவார்’ குறையற்ற படமன்று. அது எழுப்பும் கேள்வியைத் தானே பாதியில் கைவிடுகிறது. சிறுவனின் கையில் எழுதியவர்களை எந்தப் போலீசும் பிடிக்கவில்லை, படமும் பிடிக்கவில்லை. அந்தப் பாதிக் கேள்வியை மக்கள் வீட்டிற்கு எடுத்துச் சென்று ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள் என்பதே என் துணிபு. அவர்கள் தட்டிய கையைக் கண்டித்தேன். அந்தக் கைகளில் யார் என்ன எழுதிவைத்தார்கள் என்று ஒருவரிடமேனும் நான் கேட்டதில்லை. அப்பெரியவர் இன்று உயிரோடில்லை. அன்று அவருக்குச் சொல்லவேண்டியிருந்த விடை, "நீங்கள் கேட்பது சரி" என்பதே.